அப்பாவோட அம்பாசடரும் பழவேற்காடு ரோடும்: எல்இடி பல்பு மாத்துறவங்களோட ஒரு சண்டை

"பழைய காருக்கு ஃபுல்லா எல்இடி மாத்திட்டேன் டாக்டர், ரோடு பகல் மாதிரி இருக்கு"ன்னு நேத்து ஒரு நண்பர் போட்டோ அனுப்பினார். "யாருக்குப் பகல்?"னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிடறேன். நீளமான த்ரெட். திட்டணும்னா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

முதல்ல என் யோக்கியதை. நானும் இதைச் செஞ்சவன்தான். அப்பாவோட 1988 மாடல் அம்பாசடர் இன்னும் எங்க வீட்ல ஓடுது. 2014ல உத்தரபாரா ஃபேக்டரியில அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் இந்த வண்டி வச்சிருக்கவங்களுக்கு வர்ற பாசம் ஒரு தனி வியாதி. எதையாவது வாங்கி மாட்டிக்கிட்டே இருக்கணும்னு கை அரிக்கும்.

அப்படித்தான் ஆன்லைன்ல ஒரு செட் வாங்கி ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர், பிரேக் லைட், உள்ளே டோம் லைட், மீட்டர் லைட் எல்லாத்தையும் மாத்தினேன். வெள்ளைன்னா அப்படி ஒரு நீலம் கலந்த வெள்ளை. அட்டையில 6500 கெல்வின்னு பெருமையா போட்டிருந்தான்.

அடுத்த வாரம் பொன்னேரியில இருந்து திருப்பாலைவனம் வழியா பழவேற்காடு போறேன். விடியக்காலம் நாலு மணி இருக்கும். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம். பல இடத்துல தெருவிளக்கு கிடையாது, ஓரம் மண்ணு, அதைத் தாண்டினா பள்ளம். அந்த நேரத்துல அந்த ரோடு காருக்கானது இல்ல. மீன் எடுத்துட்டுப் போற சைக்கிள், டிவிஎஸ் 50, மீன்பாடி வண்டி, அன்னக்கூடையோட ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிற பெண்கள்... இவங்களோட ரோடு அது.

எதிர்ல ஐஸ் பாக்ஸ் கட்டின ஒரு சைக்கிள் திடீர்னு ஆடிச்சு, ஓரம் போச்சு, பள்ளத்துல இறங்கிடுச்சு. நிறுத்திட்டு ஓடினேன். நல்லவேளை அடி இல்ல. சேத்துல இருந்து எழுந்து வந்தவர் கேட்டார்: "இன்னா சார், கண்ணைப் புடுங்கற மாதிரி லைட்டைப் போட்னு வர்றே, நான் எங்க போறது?"

"டிம்லதாண்ணே வந்தேன்"னு சொன்னேன்.

"இதுவா டிம்மு?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. கீழே கொட்டின மடவையை ரெண்டு பேருமா பொறுக்கிப் போட்டோம்.

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் பொய் இல்ல. சுவிட்ச் டிம்லதான் இருந்துச்சு. பல்புதான் டிம் ஆகல. ஏன்னு பாருங்க.

ஹாலஜன் எச்4 பல்பை கையில எடுத்துப் பாருங்க. உள்ளே ரெண்டு இழை. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு, கரண்டி மாதிரி இருக்கும். அந்த இழையோட வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட கீழ்ப்பாதிக்குப் போகாம தடுக்கிறது அதுதான். மேல்பாதியில பட்ட வெளிச்சம் மட்டும் கீழ்நோக்கி ரோட்டுல விழும். எதிர்ல வர்றவன் கண்ணுக்கு மேல போகாது. மொத்த சூட்சுமமும் அந்த இழை எங்கே உக்காந்திருக்கு, தகடு எங்கே மறைக்குதுங்கிறதுலதான். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெட்டுப்போகும்.

இப்ப அந்த இடத்துல எல்இடியைச் சொருகுறோம். இழை இருந்த இடத்துல ஒரு தகட்டோட ரெண்டு பக்கமும் சிப்பு. அளவு வேற, இடம் வேற, வெளிச்சம் போற திசை வேற. ரிஃப்ளெக்டருக்கு இது தெரியாது பாருங்க, அது பாட்டுக்குக் கண்டபடி வாரி இறைக்கும். வண்டி ஓட்டுறவனுக்கு முன்னாடி கிட்டத்துல பளிச்னு இருக்கும், மரத்து உச்சி தெரியும், அடடான்னு இருக்கும். தூரத்து ரோடு பல நேரம் பழைய பல்பைவிட மோசமாத்தான் தெரியும்.

"புது கார்ல எல்லாம் எல்இடிதானே டாக்டர்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். புது கார்ல லென்ஸ், ரிஃப்ளெக்டர், சிப்பு எல்லாத்தையும் ஒண்ணா டிசைன் பண்ணியிருக்கான். உங்க வண்டியில 1950கள் காலத்து டிசைன் கூடு, உள்ளே போன மாசத்து சிப்பு. அடுத்தவர் பவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு "கண்ணாடிதானே"ன்னு சொல்ற மாதிரி.

சரி, என் துறைக்கு வர்றேன். நான் கண் டாக்டர் இல்ல, பொது மருத்துவர். ஆனா அடிபட்டு வர்றவங்களை முதல்ல பாக்கிறது எங்களை மாதிரி ஆட்கள்தான்.

இருட்டுல பாக்க உதவுறது கண்ணுல இருக்கிற ராட் செல்கள். நல்ல வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு வந்தா அது முழுசா தயாராக 20, 30 நிமிஷம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். நீலம் கலந்த வெளிச்சம் அந்தச் செல்களை நல்லாவே தாக்கும். மூணு நொடி கண்ணு தெரியலைன்னு வைங்க, 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி அதுக்குள்ள 42 மீட்டர் போயிருக்கும்.

இது இளவட்டக் கண்ணுக்குச் சொன்ன கணக்கு. கண்புரை ஆரம்பிச்ச கண்ணுன்னா வேற கதை. அழுக்கு விண்ட்ஷீல்டுல வெயில் பட்டா எப்படி முழுக்க வெள்ளையா மறைக்கும்? அதே மாதிரி புரை விழுந்த லென்ஸ்ல வெளிச்சம் சிதறி கண்ணுக்குள்ளேயே திரை விழும். விளக்கு மட்டும் தெரியும், பக்கத்துல என்ன இருக்குன்னு ஒண்ணும் தெரியாது.

இதுல மீனவர் ஊர்களை நான் குறிப்பா ஏன் சொல்றேன்? 1988ல அமெரிக்காவுல செசபீக் விரிகுடா மீன்பிடித் தொழிலாளர்கள் 838 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. சூரியனோட புறஊதா-பி கதிர் அதிகமா பட்டவங்களுக்கு ஒரு வகைக் கண்புரை வர்ற ஆபத்து அதிகம்னு சொன்ன முக்கியமான ஆய்வு. வெயில் மேல இருந்தும் அடிக்கும், தண்ணியில பட்டு கீழே இருந்தும் அடிக்கும். பழவேற்காடு ஏரியில காலையில இருந்து மதியம் வரைக்கும் நிக்கிறவங்க கண்ணு என்ன கதியில இருக்கும்? கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம்னு எந்த ஊருக்குப் போனாலும் கண்ணுல சதை வளர்ந்தவங்களைப் பாக்கலாம். "நாங்க மீன் துன்றவங்க, கண்ணு ஷோக்காத்தான் இருக்கும்"னு சொல்வாங்க. மீன்ல வைட்டமின் ஏ இருக்கு, வாஸ்தவம். கண்புரைக்கு அது மருந்து இல்ல.

போன வருஷம் மீன் விக்கிற ஒரு ஆயாவைத் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்பு எலும்பு முறிவு. வண்டி எதுவும் அவங்க மேல மோதல. "கண்ணாண்ட வெள்ளையா வந்துச்சு டாக்டரே, ஒண்ணும் தெர்ல, ஒதுங்கினேன், கால் உள்ள பூட்ச்சு"ன்னாங்க. சாலை விபத்துன்னு எந்தக் கணக்குலயும் இது வராது. விழுந்துட்டாங்கன்னுதான் எழுதணும், எழுதினேன். லைட்டு போட்டவர் யாருன்னு தெரியாது, அவருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த ஆயா இப்ப வியாபாரத்துக்குப் போறதில்ல.

இன்னொரு விஷயமும் மனசை உறுத்துது. எல்இடி வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிறதை எதிர்த்து நம்ம கடலோர மீனவர்கள் எவ்வளவு போராடியிருக்காங்க! 2017 நவம்பர்ல மத்திய அரசே அதைத் தடை பண்ணுச்சு. பளிச்னு ஒரு வெளிச்சம் அடிச்சா மீன் திகைச்சு வந்து மாட்டும், குஞ்சு குளுவான் எல்லாம் போயிடும்னு நமக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் அதே வெளிச்சத்தை புல்லட்லயும் ஷேர் ஆட்டோவுலயும் மாட்டிக்கிட்டு நம்ம வீட்டு ஆட்கள் மேலேயே அடிக்கிறோம். கார்க்காரனை மட்டும் திட்டுறேன்னு நினைக்க வேண்டாம், குப்பத்து இளந்தாரிங்களும் சேர்த்திதான்.

சட்டம் கேக்கிறவங்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106. முன் விளக்கோட வெளிச்சம் நிரந்தரமா கீழ்நோக்கி இருக்கணும். 8 மீட்டர் தூரத்துல, 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணைக் கூச வைக்கக் கூடாது. 1.5 மீட்டர்ங்கிறது ஏறக்குறைய அந்த ஆயாவோட உயரம். ஒரு காலத்துல ஹெட்லைட்ல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, நாம சிரிச்சோமே, அதுக்குப் பின்னாடி இருந்த நியாயம் இதுதான்.

கிளாசிக் கார் நண்பர்கள் உடனே இங்கிலாந்தைக் காட்டுவாங்க. ஆமா, அங்கே வருடாந்திர வாகனச் சோதனையில 1986 ஏப்ரலுக்கு முந்தின வண்டிகளுக்கு இந்த விஷயத்துல விலக்கு உண்டு. அதுக்கப்புறம் வந்த வண்டியில ஹாலஜன் கூட்டுக்குள்ள எல்இடி போட்டா ஃபெயில். விலக்கு இருக்கிற வண்டிக்கும் பீம் சரியா விழுதான்னு பார்த்துத்தான் பாஸ் போடுவான். நீங்க கடைசியா எப்ப பீம் செக் பண்ணீங்க?

"அப்ப பழைய மஞ்ச வெளிச்சத்துலயே தடவிட்டுப் போகணுமா?" நியாயமான கேள்வி. ஆனா குத்தம் பல்பு மேல இல்ல. ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். முப்பது வருஷத்து வயரு, தேய்ஞ்ச சுவிட்ச், உப்புக்காத்துல துருப்பிடிச்ச எர்த். ஏரியோரத்து வண்டியில பல்புக்கு முழு 12 வோல்ட் எங்கே போய்ச் சேருது? ரிஃப்ளெக்டர் வேற பூத்துப்போய் சாம்பல் கலர்ல இருக்கும்.

நான் செஞ்சது: ரெண்டு ரிலே போட்டு பேட்டரியில இருந்து நேரா தடிமனான வயர், எர்த்தைச் சுரண்டிப் புதுசா போட்டேன், புது ரிஃப்ளெக்டர் கூடு, சாதா 60/55 வாட் எச்4. 100/90 வாட் இல்ல, அது வேற பைத்தியக்காரத்தனம். அப்புறம் சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி பீம் இறக்கினேன். எலெக்ட்ரீஷியன் கூலியோட சேர்த்தும் பெரிய செலவு இல்ல. வெளிச்சம் பார்த்துட்டு "புதுசா எல்இடியா சார்?"னு ஒருத்தர் கேட்டார்.

எல்இடியே வேண்டாம்னு நான் சொல்லல. பின்னாடி பிரேக் லைட்டுக்குப் போடுங்க. சாதா பல்பு சூடாகி எரிய கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். 60ல போறப்ப பின்னாடி வர்றவனுக்கு 3 மீட்டர் மிச்சம். ஆனா சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி சிவப்பு எல்இடிதான் போடணும். வெள்ளை போட்டா ரோஸ் கலர்ல மங்கலா தெரியும், அந்த வெள்ளையில சிவப்பு கம்மி. பார்க்கிங்குக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் நல்லா தெரியுதான்னு யாரையாவது பின்னாடி நிக்க வச்சுப் பாருங்க. மட்டமான பல்புல ரெண்டும் ஒண்ணா இருக்கும்.

இண்டிகேட்டருக்குப் போட்டா பழைய ஃபிளாஷர் வேலை செய்யாது. சூடாகி விட்டு விட்டு எரியிற டப்பா அது, எல்இடி இழுக்கிற கரண்ட் அதுக்குப் பத்தாது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் மாத்தணும். ரொம்பப் பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டின்னா பாசிட்டிவ் எர்த்தான்னு பார்த்துக்கோங்க, எல்இடி திருப்பிப் போட்டா எரியாது.

உள்ளே டோம் லைட்டுக்கு மஞ்சள் கலந்த எல்இடி ஒண்ணு போதும். பேட்டரிக்கு நல்லது, பிளாஸ்டிக் மூடி உருகாது. டேஷ்போர்டுல நீல ஸ்ட்ரிப் ஒட்டுறவங்க மட்டும் ராத்திரி அதை அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. ரோடு எவ்வளவு கூடுதலா தெரியுதுன்னு நீங்களே வந்து சொல்வீங்க.

எங்க ஊர் ஆளுங்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்பாடி வண்டி, சைக்கிள் பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க. அம்பது வயசு தாண்டினவங்க கண்ணைக் காட்டுங்க. அரசு ஆஸ்பத்திரியில கண்புரை ஆபரேஷன் இலவசம்.

கழட்டின அந்த 6500 கெல்வின் செட்டு என் மேஜை டிராயர்லதான் இருக்கு. யாருக்காவது வேணுமான்னு கேக்காதீங்க, தரமாட்டேன். வயரிங் டயகிராம் வேணும்னா வண்டி மாடலை ரிப்ளைல போடுங்க, நேரம் கிடைக்கும்போது அனுப்புறேன்.