சிறைக்குள் யார் கூட்டுகிறார்கள்?

2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் நாட்டின் கைதிகளுடைய சமூகப் பின்னணி பற்றி ஒரு கேள்வி எழுந்தது. உள்துறை இணையமைச்சர் எழுத்துமூலம் பதில் தந்தார். 2019 இறுதிக் கணக்குப்படி மொத்தக் கைதிகள் 4,78,600 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 99,273, பழங்குடியினர் 53,336, பிற்படுத்தப்பட்டோர் 1,62,800. மூன்றையும் கூட்டினால் 65.90 சதவீதம்.

இந்த 65.90ஐத்தான் அப்போது எல்லோரும் பகிர்ந்தோம். நாங்களும் போஸ்டர் அடித்தோம். இப்போது யோசித்தால் அது அவசரம். பிற்படுத்தப்பட்டோரின் 34 சதவீதம் அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதல் என்று யாராலும் காட்ட முடியாது. நம் வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினர் சிறையில் 20.74 சதவீதம். 8.6 சதவீதமாக இருக்கும் பழங்குடியினர் சிறையில் 11.14 சதவீதம். இதுவே போதுமான அநியாயம். எண்ணைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய தேவை நமக்கில்லை. எதிர்த்தரப்புக்கு ஓட்டை கொடுக்கவும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பதிலில் இன்னொன்று இல்லை. உள்ளே போன 99,273 பேரில் யார் கக்கூஸ் கழுவுகிறார்? யார் சமையல் கொட்டகையில் நிற்கிறார்? எந்த பிளாக்கில் யாரைப் போடுகிறார்கள்? தலைகளை எண்ணிச் சொன்னார்கள், அவ்வளவுதான். தலைகளை எண்ணும் வேலையை வார்டர்களும்தான் தினமும் காலையிலும் மாலையிலும் செய்கிறார்கள்.

அந்தப் பதிலுக்கு இரண்டு மாதம் முன்புதான், 2020 டிசம்பரில், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா ‘தி வயர்’ தளத்தில் மாநிலச் சிறை விதிகளை வரிசையாக எடுத்துப் போட்டிருந்தார். எதுவும் இரகசிய ஆவணம் அல்ல. அரசு அச்சிட்ட விதிப் புத்தகங்கள்தான். மேற்கு வங்கத்தில் ‘தகுந்த சாதி’யைச் சேர்ந்த கைதியே உணவு சமைத்துக் கொண்டுபோக வேண்டும். துப்புரவுக்கு மேத்தர், ஹரி, சண்டாளர் எனச் சாதிப் பெயர் சொல்லி ஆள் எடுக்க வேண்டும். இரவுக் காவலுக்கு அமர்த்தும் கைதி, தப்பி ஓடும் ‘இயல்பு’ கொண்ட நாடோடி இனத்தவராக இருக்கக் கூடாது. குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1952இல் ஒழித்தாயிற்று என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அது விதிப் புத்தகத்துக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

பழைய விதிகள், வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உத்தரப் பிரதேசம் தன் விதிகளைப் புதுப்பித்தது 2022இல். வெறுங்காவல் கைதியை இழிவான வேலைக்கு அழைக்கக் கூடாது, அத்தகைய வேலை செய்து பழகிய வகுப்பையோ சமூகத்தையோ சேர்ந்தவராக இருந்தால் தவிர என்ற விதி அந்தப் புதிய புத்தகத்திலும் இருந்தது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, சரி என்று மீண்டும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

நம் ஊரில் சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை ‘மனு பார்க்கப் போறேன்’ என்பார்கள். வெளியே குடும்பம் மனு பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே வேறொரு மனு வேலை பிரித்துக்கொண்டிருந்தான்.

இதை நாடாளுமன்றம் எப்படி விட்டுவைத்தது? உள்துறை அமைச்சகத்தைக் கண்காணிக்க ஒரு நிலைக்குழு இருக்கிறது. 2023 செப்டம்பரில் அது தன் 245ஆவது அறிக்கையைச் சிறைகளுக்கென்றே அளித்தது. சிறையில் பிறந்த குழந்தை 12 வயதுவரை தாயுடன் இருக்கலாம் என்பது முதல் பிணையில் போவோரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டுவது வரை பரிந்துரைகள் உண்டு. அந்த அறிக்கை வந்த பிறகும் மேற்கு வங்கத்தின் ‘தகுந்த சாதி’ சமையல்காரர் ஓராண்டுக்கு மேல் சட்டப்படியே இருந்தார். கேள்வி வரும்போதெல்லாம் ஒன்றிய அரசுக்கு ஒரு கேடயம் தயாராக இருக்கிறது: சிறை, அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் நான்காவது இனம். உண்மைதான். ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு எந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது?

கடைசியில் வேலையைச் செய்தது நீதிமன்றம். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை 14, 15, 17, 21, 23 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானவை என்று ரத்து செய்தது. மூன்று மாதத்துக்குள் திருத்தச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒன்றிய உள்துறை தன் மாதிரிச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் பிரிவைச் சேர்த்து மாநிலங்களுக்கு அனுப்பியது. 2023இல் அதே மாதிரிச் சட்டத்தை எழுதியபோது அந்தப் பிரிவு நினைவுக்கு வரவில்லை என்பதையும் குறித்து வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டுத் தோழர்கள் இந்தத் தீர்ப்பை வடநாட்டுக் கதையாகப் படிக்க வேண்டாம். பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் எனச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது அந்த வழக்கிலேயே பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அதிகாரிகளின் விளக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, மறைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறையில் நம் இளைஞர் ஒருவர் சக கைதிகளால் அடித்தே கொல்லப்பட்டார். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, அவரைத் தனி பிளாக்குல வச்சிருந்தா உயிரோட இருந்திருப்பாருல்ல?” யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பதில் இன்று இதுதான். யாருக்கு யாரால் ஆபத்து என்பது ஒவ்வொரு ஆளாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. வழக்கு, முன்பகை, மிரட்டல் எல்லாம் அதிகாரிகளுக்குத் தெரியும். அதைப் பார்த்துப் பாதுகாப்பது அவர்கள் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல், ஊரையும் சேரியையும் போல மதில் போட்டுவிட்டு அமைதி என்று பெயர் வைப்பது வேறு. அந்த மதில் இருந்தும் கொலை நடந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது தீர்ப்பு. பிறகு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் புள்ளிவிவரம் திரட்டுவதை இது தடுக்காது என்றும் நீதிமன்றம் விளக்கியது. நல்லது. ஆனால் பதிவேட்டில் பத்தி இல்லையென்றால் வார்டருக்குச் சாதி தெரியாமல் போய்விடுமா? “எந்த ஊரு? எந்தத் தெரு?” இரண்டு கேள்வி போதும். நம்மில் வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் இந்தக் கேள்விகள் தெரியும். கீழே வேலை பிரிப்பவனுக்குச் சாதி எப்படியும் தெரிந்துவிடும். மேலே கேள்வி கேட்கும் மன்றத்துக்கு மட்டும் தெரியாமல் போகும் என்றால் அது நமக்கு நட்டம். ஆகவே சாதிக் கணக்கு வேண்டும், ஆனால் அது பிளாக் அதிகாரியின் மேசையில் இருக்கக் கூடாது. கைதியிடம் தனியாகக் கேட்டு, பெயரில்லாத தொகையாகச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக வேண்டும். அதோடு இதுவரை இல்லாத ஓர் அட்டவணையும் வேண்டும். ஆண்டுதோறும் வரும் சிறைப் புள்ளிவிவர நூலில் கைதிகளின் கல்வி உண்டு, வயது உண்டு, கூலி உண்டு. எந்த வேலையில் எந்தச் சமூகத்தார் என்ற அட்டவணை கிடையாது.

சிறை மாநிலப் பொருள் என்றால் நம் கேள்வி போக வேண்டிய இடம் சட்டமன்றம். காவல்துறை மானியக் கோரிக்கை என்றால் நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் சிறைத்துறைக்கு வந்ததும் நெரிசலையும் பெட்ரோல் பங்க்கையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மாதிரிச் சிறை விதித் தொகுப்பின்படி சிறைப் பார்வையாளர் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. உங்கள் தொகுதிக்காரர் அதில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது உள்ளே போனார் என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் நாங்கள் சில உறுப்பினர்களிடம் கொடுக்கவிருக்கும் மனுவில் மூன்றே கேள்விகள்தான். 2024 அக்டோபருக்குப் பிறகு தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சிறை விதிகளில் எவை எவை திருத்தப்பட்டன? பாளையங்கோட்டையில் இன்று எந்த அடிப்படையில் பிளாக் ஒதுக்குகிறார்கள்? ஒவ்வொரு மத்திய சிறையிலும் கழிவறை கழுவும் கைதிகளைத் தேர்ந்தெடுப்பது யார், எப்படி?