கரியாலூரில் ராஃப்டிங் வேண்டுமா?

கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் பலருக்கும் ஒரு குறை. கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும்தான் இருக்கின்றன, ராஃப்டிங் இல்லையே!

அது குறையே அல்ல. ரிஷிகேஷில் கங்கைக்கு இமயமலைப் பனி தண்ணீர் தருகிறது. கர்நாடகத்தின் தாண்டேலியில், சூபா அணையில் திறந்துவிடும் தண்ணீர்தான் காளி ஆற்றில் ரப்பர் படகை ஓட வைக்கிறது. கல்வராயன் ஓடைகளோ மழையை மட்டும் நம்பியவை. மழைக்காலத்தில் பெரியார் அருவியும் மேகம் அருவியும் ஆர்ப்பரிக்கும். கோடையில் பாறைதான் மிஞ்சும்.

வெள்ளம் வரும்போது லாரி டியூபைப் போட்டு மிதக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். தயவுசெய்து வேண்டாம்! மலை உச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. முழங்கால் அளவு ஓடை சில நிமிடங்களில் ஆளை இழுத்துவிடும். ஓடையை மறித்துத் தண்ணீர் தேக்குவதும் சரியல்ல. கோமுகி அணைக்கும், அதை நம்பிய வயல்களுக்கும் போக வேண்டிய தண்ணீர் அது. கோடையில் மிஞ்சும் குட்டைகளோ காட்டு விலங்குகளின் குடிநீர்.

கரியாலூருக்குப் போகிறவர்கள் படகில் ஒரு சுற்று வரட்டும். பிறகு சத்தம் போடாமல் காட்டோரம் நடக்கட்டும். பறவைகளாவது கண்ணில் படும். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் மறக்காமல் கீழே எடுத்து வந்துவிட வேண்டும்.