இரண்டால் பெருக்கினால் கிடைக்காத நேரம்

ஒலிம்பிக் தூர டிரையத்லானை மூன்று மணி நேரத்தில் முடித்தவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஹாஃப் அயர்ன்மேன் எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் ஆறு மணி நேரம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதை நம்பி இறங்கி, ஆறரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, இத்தனை மாதப் பயிற்சியும் வீண் என்று மனம் உடைகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறார்கள். கணக்குதான் தப்பு.

தூரங்களைப் பார்ப்போம். குறுந்தூரப் போட்டியான ஸ்பிரிண்டில் நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கி.மீ., ஓட்டம் 5 கி.மீ. ஒலிம்பிக்கில் 1.5, 40, 10 கி.மீ. மூன்றும் சரியாக இரட்டிப்பு. ஹாஃப் அயர்ன்மேனின் 1.9, 90, 21.1 முழு அயர்ன்மேனில் 3.8, 180, 42.2 ஆகிறது. அதுவும் இரட்டிப்பு. கோணல் நடுப்படியில் இருக்கிறது. ஒலிம்பிக்கிலிருந்து ஹாஃபுக்குப் போகும்போது சைக்கிள் 2.25 மடங்காகிறது, ஓட்டம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது, நீச்சலில் கூடுவதோ 400 மீட்டர் மட்டும். இதற்குக் காரணம் அயர்ன்மேன் பிறந்த விதம். 1978-ல் ஹவாயின் ஒஆஹு தீவில், அங்கே ஏற்கெனவே இருந்த வைக்கிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலுலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்தார்கள். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அந்தத் தூரத்தின் பாதிதான் ஹாஃப். ஒலிம்பிக் தூரம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல.

இந்தக் கோணல் ஒருவரை எப்படித் தொடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலிம்பிக் தூரத்தை இருவர் சரியாக மூன்று மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு நீச்சல் 36 நிமிடம், சைக்கிள் 80, ஓட்டம் 58. இரண்டாமவர் தண்ணீரில் கெட்டிக்காரர்: நீச்சல் 27, சைக்கிள் 87, ஓட்டம் 60. நடுவில் உடையும் காலணியும் மாற்றும் டிரான்சிஷனுக்கு இருவருக்கும் 6 நிமிடம். இதே வேகம் துளியும் குறையாமல் ஹாஃப் போனால் முதலாமவருக்கு 5 மணி 54 நிமிடம், இரண்டாமவருக்கு 6 மணி 2 நிமிடத்துக்கும் மேல். ஒரே நேரத்தில் முடித்த இருவருக்குள் எட்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. நீச்சலில் சம்பாதித்ததைக் காட்ட இரண்டாமவருக்கு அங்கே இடமில்லை.

வேகம் குறையாமலும் இருக்காது. முதலாமவரின் சைக்கிள் மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 28-க்கு இறங்கி, ஓட்டம் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடமானால், அவருக்கு 6 மணி 22 நிமிடம். அது தோல்வி இல்லை, நல்ல பந்தயம்.

உச்சத்தில் இருப்பவர்களைப் பார்த்து அளவுகோல் செய்வதில் இன்னொரு சிக்கல். நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1:45:04-ல் தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் முழு அயர்ன்மேனை 7:21:12-ல் முடித்தார். வகுத்துப் பாருங்கள்: டோக்கியோவில் சராசரி மணிக்கு 29.4 கி.மீ., கோசுமெலில் 30.7. நாலு மடங்குக்கு மேல் நீண்ட பந்தயத்தில் அவர் இன்னும் வேகமாகப் போயிருக்கிறார்! கோசுமெலில் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியதால் 3.8 கி.மீ. நீச்சல் 40 நிமிடத்துக்குள் முடிந்தது. சைக்கிள் பாதை சமதரை, காற்றைக் கிழிக்கக் குனிந்து ஓட்டும் டைம் டிரயல் சைக்கிள். டோக்கியோவிலோ கூட்டமாக ஒட்டி ஓட்டும் சாதாரண ரோடு பைக், வளைவுக்கு மேல் வளைவு. இரண்டு எண்களும் உண்மை, ஆனால் ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது.

ஆகவே ஒருவர் தன் நேரத்தை எதோடு ஒப்பிடலாம்? அதே பாதை, அதே நாள், அதே வயதுப் பிரிவு. நூறு பேர் முடித்த பிரிவில் நாற்பதாவதாக வந்தவர், அடுத்த பந்தயத்திலும் ஏறக்குறைய அந்த இடத்தில் வந்தால், கடிகாரம் என்ன சொன்னாலும் அவர் நிலை மாறவில்லை. கோவாவின் மிராமர் கடற்கரை போன்ற சூடான கடலில் மிதக்க உதவும் வெட்சூட் உடை கிடையாது, குளிர்நாட்டு ஏரியில் உண்டு. இந்த வேறுபாடெல்லாம் இடக்கணக்கில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

முடிவுப் பட்டியலில் மொத்த நேரத்துக்குப் பக்கத்தில் நீச்சல், சைக்கிள், ஓட்டம், இரண்டு டிரான்சிஷன் என்று ஐந்து எண்கள் தனித்தனியே இருக்கும். ஒவ்வொன்றிலும் தன் பிரிவில் எத்தனையாவது என்று எழுதிக்கொள்ளுங்கள். நம் இரண்டாமவர் அப்படி எழுதினால், நீச்சலில் முன்வரிசையும் சைக்கிளில் பின்வரிசையும் அவர் கண்ணில் படும். ஹாஃபுக்கு முன்னால் இருக்கும் மூன்று மாதத்தில் காலை நேரத்தைக் குளத்தில் செலவிடுவதா, சாலையில் செலவிடுவதா என்று அவர் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.