இரும்புப் பெட்டிக்கு ஒரு திருவுளச் சீட்டு

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து, பெட்டியின் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் நடக்கும்போதெல்லாம் வீடு முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தது; இன்று அந்தப் பெட்டியின் ஸ்தானத்தில் பத்து எண் பொத்தான்கள் கொண்ட மின்னணுப் பெட்டகம் வந்து அமர்ந்துவிட்டபடியால், கொல்லன் அடித்துக் கொடுத்த சாவியின் வேலையை நாமே இட்டுக்கொள்ளும் ஓர் எண் செய்யவேண்டியிருக்கிறது. அந்த எண்ணை நாம் சிறிதும் சிரத்தையின்றித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே என் விசனம்.

சென்ற மாதம் உறவினர் ஒருவர் வீட்டுப் பெட்டகத்தில் 0, 1, 5, 8 என்ற நான்கு பொத்தான்களின் அச்சு மட்டும் விரல்பட்டு மங்கி, மற்றவை புதுக்கருக்கு அழியாமல் இருக்கக் கண்டேன். நான்கு வெவ்வேறு இலக்கங்களை வரிசைப்படுத்த 24 வழிகள் உண்டு. ஆயினும், சுதந்திர தினத்தை அறிந்த எவனுக்கும் ஒரே வழி போதும். சொன்ன மாத்திரத்தில் பெரியவரின் முகம் வாடிவிட்டது. மகளின் நகைகளெல்லாம் அதற்குள்தான் இருந்தன.

இது பாமரரின் பிழை என்று எண்ணவேண்டாம். அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸில் பணியாற்றிய பௌதிக விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன், பரம ரகசியங்கள் அடங்கிய பெட்டிகளின் எண்பூட்டுகளை விளையாட்டாகத் திறந்த கதையைத் தாமே விவரித்திருக்கிறார்: சக விஞ்ஞானி ஒருவர் கணிதத்தில் பிரசித்தமான 2.71828 என்ற எண்ணையே 27-18-28 என்று வைத்திருந்தார். தொழிற்சாலை இட்டனுப்பிய எண்ணை மாற்றாமலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டி இருந்தது. மகா மேதைகளும் மனசுக்குப் பிரியமான எண்ணையே நாடினார்கள் என்றால், பேரன் பிறந்த நாளை நாடும் நம்மைக் குறைகூறுவானேன்!

ஆறு இலக்கங்களால் பத்து லட்சம் எண்கள் அமையும். சில தடவை தவறாக அழுத்தினால் சில நிமிஷங்கள் செயலற்றுப்போகும்படி பல பூட்டுகள் அமைக்கப்பட்டிருப்பதால், அத்தனையையும் சோதிக்கத் திருடனுக்கு அவகாசமில்லை. ஆனால் நூறு வருஷத்துத் தேதிகள் எல்லாம் சேர்ந்தும் சுமார் 36,500தான். ஒரு குடும்பத்தின் பிறந்த நாட்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகையால் தேர்வை நம் பிரியத்திடமிருந்து பறித்துவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு நம்மிடம் திருவுளச் சீட்டு இருக்கிறது.

அன்று மாலையே பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துச் சீட்டுகளை மடித்துப் பித்தளைச் சொம்பில் போட்டோம். பெரியவரின் பேத்தி ஒன்றை எடுத்துப் படித்து, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கி, இப்படியே ஆறு முறை எடுத்தாள். வந்த எண்ணுக்கு ஓர் அர்த்தமும் இல்லையே, எப்படி ஞாபகம் வைப்பது என்று பெரியவர் கலங்கினார். ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தம்பி வீட்டில் கொடுத்து வைக்கச் சொன்னேன். வீட்டுத் தலைவர் திடீரென்று மறைந்தால் மனைவி பூட்டு உடைப்பவனைத் தேடி அலையும் பரிதாபத்தையும் அந்த உறை தவிர்க்கும். அவசரச் சாவியோ, அந்தோ, பெட்டகத்துக்குள்ளேயே கிடந்தது! பாட்டரி தீர்ந்திருந்தால் அவர் கதி என்ன? அதையும் உறையோடு சேர்த்தோம்.

பிறகு, கதவைத் திறந்து வைத்தபடியே புது எண்ணைப் பதித்து, மும்முறை அழுத்திப் பார்த்தோம். மூன்றாம் முறையும் தாழ் தடையின்றி உள்வாங்கிய பின்புதான் பெரியவர் நகைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.