உளிக்குப் பிடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல

"உளி வாங்கினா பிடி நாமதானே போட்டுக்கறோம், அது மாதிரிதான் இதுவும்" என்று ஒரு வாதம் இருக்கிறது. மலிவு விலைச் சீன லேசர் கட்டிங் மிஷினை வாங்கிவிட்டு, மாதக்கணக்கில் அதைச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள் சொல்வது. 2021-இல் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சியில் இந்த உவமை சட்டென்று எடுபடும். எனக்கு இது பச்சை ஏமாற்று என்றே படுகிறது. பிடி இல்லாத உளி சும்மா கிடக்கும். ஆளைச் சுடாது.

(லேசர் வந்து சிற்பத்தை அழித்துவிடும் என்று அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பலகையின் மேல்பரப்பைப் பொசுக்கும், மெல்லிய பலகையை அறுக்கும். பிள்ளையாருக்குத் தொப்பையைத் திரட்ட அதால் முடியாது. விடுங்கள்.)

நான் சொல்வது கே40 என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் பெட்டியை. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாய், பெயருக்கு 40 வாட். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயிலிருந்து உண்மையில் கிடைப்பது 30, 35 வாட்தான். பொய் அங்கேயே ஆரம்பம். ஐஇசி 60825-1 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தின்படி அரை வாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு, அதாவது இருப்பதிலேயே ஆபத்தானது. மூடியைத் திறந்தால் லேசர் தானாக அணையணும். அதற்குத் தேவை ஒரு மைக்ரோ சுவிட்ச். டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. பல கே40-களில் அது வருவதே இல்லை. கதிரோ கண்ணுக்குத் தெரியாது. தெரியாததற்குக் கண் எப்படி இமைக்கும்?

குழாய்க்குப் போகிற மின்சாரம் 15,000 வோல்ட் அளவில். எர்த் ஒழுங்காக இருந்தாகணும். நம்ம வீடுகளில் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஓட்டையில் சொருகுகிற பழக்கம் உங்களுக்கே தெரியும்.

ஆனால் 'அப்கிரேட்' என்று கிளம்புகிற தம்பிகள் முதலில் வாங்குவது என்ன? சிவப்புப் புள்ளி பாயின்டர், புது கன்ட்ரோல் போர்டு, லைட்பர்ன் மென்பொருள். கூட வருகிற போர்டில் லைட்பர்ன் ஓடாது, வாஸ்தவம்தான். போட்டோ எல்லாம் அழகாகப் பொறிக்கலாம், அதுவும் சரி. மூடி சுவிட்ச் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்".

எர்த், மூடி சுவிட்ச், தண்ணீர் ஓட்டம் நின்றால் லேசரை நிறுத்தும் சுவிட்ச், புகையை வெளியே தள்ளும் ஃபேன். இந்த நாலும் அப்கிரேட்டே இல்லை. தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலை. அதற்குப் பொழுதுபோக்கு என்று பேர் வைத்து, நம்மையே செய்யவிட்டு, பெருமைப்படவும் வைத்திருக்கிறார்கள். நம் உழைப்பைக் கழித்துவிட்டுப் போட்ட விலைக்குத்தான் மலிவு என்று பேர்.

ஊர் வெயில் வேறு. குழாயைச் சுற்றுகிற தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. சித்திரையில் கள்ளக்குறிச்சியில் வாளித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் பாட்டில் போட்டுப் போட்டு எத்தனை மணிநேரம் ஓட்டுவீங்க? குழாய் சீக்கிரம் செத்துப்போகும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் கடை போட்டால் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் மாற்றுக் குழாய் அந்த மலைப்பாதை வளைவெல்லாம் குலுங்கி ஏறி முழுசாக வந்து சேரணுமே, அது கண்ணாடி.

"அப்போ சின்ன ஊர்ப் பையன் தொழிலே பண்ணக் கூடாதா?" நியாயமான கேள்வி. பண்ணட்டும். கடன் வாங்கும்போதே இந்த நாலு வேலைக்கான காசையும் மிஷின் விலையோடு சேர்த்துக் கேட்கட்டும். விற்கிறவரிடம் மூடி சுவிட்ச் எங்கே என்று கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது சுவிட்ச் வைத்து அனுப்புவார்கள்.

எந்த சுவிட்சும் காப்பாற்றாத ஒன்று மிச்சம் இருக்கிறது: ரெக்சின். பர்ஸில் பேர் போட்டுத் தரச்சொல்லி வருவார்கள். அது பிவிசி என்றால், சுட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். நுரையீரலுக்கும் கேடு, மிஷினும் துருப்பிடிக்கும். தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால், செம்புக் கம்பியைக் காய்ச்சி ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பர்ஸைத் திருப்பிக் கொடுத்திருங்க.