பங்கின் விலையும் பணிப்பாளரின் கையும்

காணி வாங்கப் புறப்படும் குடும்பத்தார் இரண்டு விஷயங்களைத் தவறாது விசாரிப்பர். அக்காணி ஆண்டொன்றுக்கு என்ன வருமானந் தரும் என்பது ஒன்று. உடையவர் அதனை ஏன் விற்கிறார் என்பது மற்றொன்று. கம்பனிப் பங்கு வாங்குவோர் மட்டும் இவ்விரு கேள்விகளையும் மறந்து, நேற்றைய விலை என்ன, இன்றைய விலை என்ன என்று பட்டியலையே பார்த்திருப்பது வியப்பன்றோ! அக்கம்பனியின் பணிப்பாளர்களும் உயர் உத்தியோகத்தர்களுமே தங்கள் பங்குகளை விற்கத் தொடங்கினால் நாம் யாது கருதவேண்டும்? அவர்களைப் பின்பற்றி நாமும் விற்பதா, பேசாதிருப்பதா?

முதலில் விலையை அளக்கும் வகையைக் காண்போம். 10 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய வயல் ஆண்டுதோறும் 50,000 ரூபா குத்தகை தருமாயின், போட்ட பணம் திரும்புவதற்கு 20 ஆண்டுகள் செல்லும். அதே வயலை 35 இலட்சத்துக்கு வாங்கினால் 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வயல் மாறவில்லை, விலைதான் மாறிற்று. பங்கொன்றின் விலையை, அப்பங்குக்கு ஓராண்டில் உரித்தான இலாபத்தால் வகுத்துப் பார்ப்பதும் இத்தகைய கணக்கே.

70 மடங்கு என்றவுடனே விலை மிகை என்று தீர்த்துவிடவும் இயலாது. இலாபம் ஐந்தாண்டுக்கொருமுறை இரட்டிக்குமாயின் பத்தாண்டில் அது நான்கு மடங்காகும். இன்றைய 70 மடங்கு விலை அன்றைய இலாபத்தின் பதினேழரை மடங்கே. ஆகவே அந்த வளர்ச்சி எங்கிருந்து வரும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலிருந்த என்ரோன் கம்பனியின் கதை இதற்குத் தக்க சான்று. எரிவாயுக் குழாய்களில் தொடங்கி, எரிவாயுவையும் மின்சாரத்தையும் வாங்கி விற்கும் பெருவணிகமாக வளர்ந்த ஸ்தாபனம் அது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பங்கொன்று 83 டொலர் விலைபோயிற்று. அவ்வாண்டு இலாபத்தின் ஏறக்குறைய 70 மடங்கு. ஆண்டு வரவு 10,000 கோடி டொலருக்கு மேல் என்று கணக்குக் காட்டினர். நிகர இலாபமோ 98 கோடிக்கும் சற்றுக் குறைவு. நூறு டொலர் வியாபாரத்தில் ஒரு டொலர்தானும் மிஞ்சவில்லை!

அந்த வரவுதான் எத்தகையது? இடையில் நின்று முடித்துக்கொடுத்த வியாபாரங்களின் முழுப்பெறுமதியையும் தன் வரவாகக் கம்பனி எழுதிக்கொண்டது. தரகர் ஒருவர் தாம் விற்றுக்கொடுத்த வீட்டின் விலை முழுவதையும் தமது சம்பாத்தியம் என்று சொல்லிக்கொள்வதை இஃது ஒக்கும். நீண்டகால ஒப்பந்தங்களால் இனிமேல் கிடைக்கக்கூடிய இலாபத்தை மதிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதிய ஆண்டிலேயே கணக்கிலேற்றும் வழக்கமும் அங்கு இருந்தது. கதிர் முற்றுமுன்னரே நெல்லை அளந்து களஞ்சியக் கணக்கில் எழுதினாற்போல!

இக்கணக்குகளை 2000 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊன்றி வாசித்தவர்களுள் ஒருவர் ஜிம் சேனோஸ். விலை விழும் என்று கணித்து, பங்குகளை இரவல் வாங்கி விற்பது அவர் தொழில். கம்பனியில் இட்ட மூலதனம் நூற்றுக்கு ஏழளவே, அதுவும் வரிக்கு முன்னர், சம்பாதிப்பதை அவர் கண்டார். மூலதனந் தேடும் செலவே அவ்வளவாகுமானால் வளர்ச்சி எங்ஙனம் வரும்? இதன் பின்னரே, உயர் உத்தியோகத்தர் பங்குகளை விற்றுவந்த செய்தி அவர் ஐயத்தை வலுப்படுத்திற்று. 2002 பெப்ரவரியில் அமெரிக்கக் கீழ்ச்சபைக் குழுவின் முன் அவரே இவற்றை விளக்கினார். கணக்கு முந்தியது, விற்பனை பிந்தியது என்ற அந்த ஒழுங்கை மாணவர்கள் கவனிக்கவேண்டும். 2001 மார்ச்சில் 'போர்ச்சூன்' சஞ்சிகையில் பெத்தனி மெக்லீன் என்னும் எழுத்தாளரும், இக்கம்பனி எவ்வழியாற் பணம் சம்பாதிக்கிறது என்ற எளிய வினாவையே எழுப்பினார். தெளிவான விடை கிடைக்கவில்லை.

விற்பனையை ஏன் பின்னுக்கு வைக்கவேண்டும்? மகளின் கல்யாணம், வீடு கட்டுதல், பழைய கடன் என்று ஒருவர் விற்பதற்கு நூறு காரணங்கள் உண்டு. சம்பளத்தின் ஒரு பகுதியைப் பங்காகவே பெறுபவர் அவ்வப்போது விற்பதில் வியப்பில்லை. ஆயினும் பலர் ஒரே காலத்தில் விற்பதும், தம்மிடமுள்ளதிற் பெரும்பகுதியை விற்பதும், தாம் விற்றுக்கொண்டே பிறரை வாங்கச் சொல்வதும் வேறு விஷயம். என் அபிப்பிராயத்தில் மூன்றாவதே மிக மோசமானது.

என்ரோனின் தலைவர் கென்னத் லே 2001 செப்டம்பர் 26 ஆம் திகதி தம் ஊழியர்களுடன் உரையாடியபோது, கம்பனிப் பங்கு அன்றைய விலைக்கு மிக மலிவு என்று கூறினார். அவரோ அவ்வாண்டில் 7 கோடி டொலர் அளவான பங்குகளைக் கம்பனிக்கே திருப்பி விற்றுப் பணமாக்கியிருந்தார். கம்பனிக்கே விற்றமையால், அக்காலச் சட்டப்படி மறு ஆண்டு வரையில் அதனை வெளியிடவேண்டிய கடமை அவருக்கில்லை. கடனடைக்கவே விற்றேன் என்பது அவர் வாதம். ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பிலோ பாதிக்கு மேற்பட்ட பகுதி என்ரோன் பங்காகவே இருந்தது. தலைவர் விற்றதை அறியாமல், அவர் சொன்னதை மட்டும் கேட்டிருந்தவர்கள் அவர்கள். நவம்பர் 28 ஆம் திகதி பங்கின் விலை ஒரு டொலருக்குக் கீழே இறங்கிற்று. டிசம்பர் 2 ஆம் திகதி கம்பனி வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது.

பிரதம நிர்வாகியாயிருந்த ஜெவ்ரி ஸ்கிலிங் 2001 ஆகஸ்டில் பதவி விலகி, செப்டம்பர் 17 ஆம் திகதி 5 இலட்சம் பங்குகளை விற்றார். 2006 இல் அவர் வழக்கு விசாரிக்கப்பட்டபோது, உள்ளிரகசியம் அறிந்து பங்கு விற்றதாகப் பத்துக் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஜூரிமார் அந்தச் செப்டம்பர் விற்பனைக்கு மட்டுமே அவரைக் குற்றவாளியாகக் கண்டனர். மற்றைய ஒன்பதிலும் விடுவித்தனர். விற்பனையை மாத்திரம் வைத்து உள்ளக்கிடக்கையை நிரூபித்தல் அத்துணை கடினம். லேயும் வேறு குற்றங்களுக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டார். மேன்முறையீட்டுக்கு முன்பே காலமானமையால் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அமெரிக்காவில் இத்தகைய விற்பனைகளை இரண்டு வேலைநாட்களுள் அறிவிக்கவேண்டும். நம் கொழும்புப் பங்குச் சந்தையிலும் பணிப்பாளர்களின் கொடுக்கல் வாங்கல்கள் அறிவிக்கப்படுகின்றன. கம்பனிகளின் ஆண்டறிக்கையில், ஒவ்வொரு பணிப்பாளரும் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருந்த பங்குகளின் தொகை காணப்படும். வணிகம் பயிலும் மாணவர் எவரேனும் மூன்று ஆண்டறிக்கைகளை அருகருகே விரித்து, அத்தொகைகளோடு பங்கொன்றுக்கான இலாபத்தையும், உண்மையாகக் கைக்கு வந்த காசையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.