சித்தப்பா வள்ளமும் ஒரு ஃபிஷ் ஃபைண்டரும்

போன வாரம் ஒரு மீட்டிங்ல உட்கார்ந்திருந்தேன் (தூங்காம இருக்கிறதே பெரிய வேலையா இருக்கிற மீட்டிங்). ஊர்ல இருந்து போன். சித்தப்பா பையன்.

"அண்ணே, புது பெட்டி பார்த்து வச்சிருக்கேன். ஒன்பது இஞ்ச். ஜிபிஎஸ், மேப், மீனு எல்லாம் ஒண்ணுலயே வருது. புனேல விலை கம்மியா கிடைக்குமா?"

வெளியூர்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த மாதிரி போன் வரும்னு நினைக்கிறேன். சிலருக்கு லேப்டாப், சிலருக்கு மிக்ஸி. எங்க ஊரு திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம்ங்கிறதால எனக்கு வர்றது ஃபிஷ் ஃபைண்டர். நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ், பார்க்கிறது சாஃப்ட்வேர். ஆனா ஊரைப் பொறுத்தவரைக்கும் கரண்டுல ஓடுற எதுக்கும் நான்தான் பொறுப்பு.

அவன்கிட்ட "ஒண்ணுலயே எல்லாம் வேண்டாம்டா, மீனுக்குத் தனி பெட்டி, ஜிபிஎஸ்க்குத் தனி பெட்டி"ன்னு சொன்னேன். அவனுக்குக் கோவம். அண்ணன் காசு கணக்கு பார்க்கிறான்னு நினைச்சிருப்பான். போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியல, அதனால இங்க எழுதுறேன். உங்க வீட்டுல யாராவது கடலுக்குப் போறவங்க இருந்தா, பெட்டி வாங்கித் தரச் சொல்லி உங்களுக்கும் போன் வரலாம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். 2019-ல நானே 42,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆல்-இன்-ஒன் பெட்டி வாங்கிட்டுப் போனேன். ஏழு இஞ்ச், டச் ஸ்கிரீன், வரைபடம், மீன் கூட்டம் எல்லாம் ஒரே திரையில. சித்தி மகளிர் குழுவுல வாங்கின கடனும் அதுல இருக்கு. ஃபைபர் வள்ளத்துல மாட்டி, ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு.

சித்தப்பா மட்டும் தள்ளி நின்னு பார்த்தார். அவருக்கு ஆழம் தெரியணும்னா கயித்துல ஈயக்கட்டியைக் கட்டி இறக்குவார். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கிட்டத்தட்ட 1.8 மீட்டர். ஈயத்தோட அடியில ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணைப் பார்த்து சேறா, மணலா, பாரான்னு சொல்லிடுவார். பார் எங்க இருக்குங்கிறது கரையில தெரியுற கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்கோட்டுல வச்சு மனசுக்குள்ள. விளைமீனும் களவாவும் எந்தப் பார்ல எந்த மாசம்னு கேட்டா யோசிக்காம சொல்வார்.

தம்பி அவர் கூடவே போய் அந்தப் பார் ஒவ்வொண்ணையும் பெட்டியில புள்ளியா போட்டு வச்சான். ரெண்டு வருஷத்துல அறுபத்து சொச்சம் புள்ளி.

2021-ல ஒரு ராத்திரி, கரையில இருந்து ரொம்ப தூரத்துல, பெட்டி அணைஞ்சு போச்சு. பின்னாடி இருந்த பவர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கு. உப்புக்காத்துல செம்பு சும்மா இருக்குமா? ஆழமும் தெரியல, இருக்கிற இடமும் தெரியல. ரெண்டும் ஒரே வயர்ல தொங்கிக்கிட்டு இருந்தது. தம்பியோட செல்போன் அன்னைக்கு கரையில. தூறல் வேற, லைட்ஹவுஸ் வெளிச்சம் சரியா தெரியல. சித்தப்பா ஈயக்கயித்தை எடுத்து ஒவ்வொரு பாகமா இறக்கி இறக்கித்தான் கரையேறினாங்க. விடியிறதுக்குள்ள வரவேண்டிய வள்ளம் காலை ஒன்பது மணிக்கு வந்துச்சு. அதுக்குள்ள சித்தி கடற்கரைக்கும் கோயிலுக்கும் எத்தனை தடவை நடந்தாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. கேக்கவும் தைரியம் இல்ல.

அதோட முடியல. ரிப்பேருக்குக் கொடுத்த கடையில பெட்டியை மொத்தமா ரீசெட் பண்ணிக் கொடுத்துட்டாங்க. அறுபது புள்ளியும் போச்சு. சித்தப்பா தலையில அது இருக்கு. தம்பி தலையில இல்ல. ஒரு காப்பி எடுத்து வைடான்னு சொல்லாதது, சர்வர் பேக்கப் எடுக்கிறதைப் பத்தி மணிக்கணக்கா பேசுற நான்.

அதனாலதான் தனி பெட்டி. ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கணும். தம்பிகிட்ட இப்ப கையில பிடிக்கிற ஜிபிஎஸ் ஒண்ணு இருக்கு, செல்போன்லயும் சிக்னல் இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும். 2024-ல மத்திய அரசு தொடங்கி வச்ச டிரான்ஸ்பாண்டர் திட்டத்துல அவசரச் செய்தி அனுப்புற கருவியும் படகுகளுக்குக் கொடுக்கிறாங்க. இடம் காட்ட இத்தனை வழி இருக்கு. கீழ என்ன இருக்குன்னு காட்ட எக்கோ சவுண்டர் ஒண்ணுதான். அதுக்குன்னு உள்ள காசை அதுக்கே போடணும்.

ஒன்பது இஞ்ச் வேணும்னு கேக்கிறதுல நியாயம் இல்லாம இல்ல. சித்தப்பா வயசுக்கு எழுத்து பெருசா தெரியணும். ஆனா ஆல்-இன்-ஒன்ல பாதி திரையை மேப் எடுத்துக்கும். தனி பெட்டியில ஐந்து இஞ்ச் முழுசும் மீனுக்கு. இதுல இன்னொரு விஷயம் இருக்கு. சித்தப்பா முதல் நாள் திரையைப் பார்த்துட்டு, "ஏல, இடது பக்கம் மீனு நிக்கி, வள்ளத்தைத் திருப்புல"ன்னாராம். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. அது படம் இல்லைங்க, சரித்திரம். வலது ஓரத்துல இருக்கிறதுதான் இப்ப வள்ளத்துக்கு அடியில இருக்கிறது. இடது பக்கம் போகப் போக, தாண்டி வந்தது. வள்ளம் நின்னாலும் திரை ஓடிக்கிட்டே இருக்கும். நின்ன வள்ளத்துக்கு அடியில ஒரே மீன் நின்னுச்சுன்னா நீளமா ஒரு கோடு வரும், அதைப் பார்த்து திமிங்கிலம்னு நினைச்சா நாம பொறுப்பில்ல :-) திரையைப் பாதியாக்கினா அந்தச் சரித்திரமும் பாதியாகுது. கூட்டத்தைத் தாண்டிட்டோம்னு புரியறதுக்குள்ள அது திரையை விட்டே போயிடும்.

வேலை செய்யிற விதம் எளிமையானது. அடியில இருக்கிற டிரான்ஸ்டூசர் ஒரு சத்தம் போடும், திரும்பி வர்ற எதிரொலியைக் கேக்கும். கடல் தண்ணியில சத்தம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழம்னா போய் வர 0.04 நொடி. மீன்ல இருந்து வர்ற எதிரொலியில பெரும்பகுதி அதோட காத்துப்பையில பட்டு வர்றது. சூரையில பல வகைக்கு அந்தப் பையே கிடையாது. அதனால பெரிய சூரைக்கூட்டம் கூட மங்கலா தெரியும், பெட்டி சரியில்லைன்னு திட்டுவாங்க. பெட்டி மேல பழி போடாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். கடையில கிடைக்கிற மலிவான பெட்டிகள்ல நிறைய ஏரியில தூண்டில் போடுறவங்களுக்காக செஞ்சது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்க. நன்னீர்ல 1,600 அடி, உப்புத்தண்ணியில 750 அடின்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். பெரிய எழுத்துல எது இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. உப்புத்தண்ணி சத்தத்தை விழுங்கும். அதுலயும் சமையல் உப்பு இல்ல, கரைஞ்சிருக்கிற மெக்னீசியம் சல்பேட்தான் இந்த அலைவரிசைகள்ல முக்கியக் குற்றவாளி. அலைவரிசை கூடக் கூட விழுங்கறதும் கூடும். அதனால கடலுக்கு 50-ம் 200-ம் கிலோஹெர்ட்ஸ் ரெண்டும் இருக்கிற பெட்டி வேணும். 200-ல படம் துல்லியம், ஆனா பார்வை குறுகல், ஆழம் குறைவு. 50-ல ஆழமா போகும், அகலமா பார்க்கும், ஆனா பொடி விவரம் தெரியாது. கணக்கு போட்டுப் பார்த்தா, 30 மீட்டர் ஆழத்துல 20 டிகிரி கூம்பு தரையில சுமார் பத்தரை மீட்டர் வட்டத்தைப் பார்க்கும், 45 டிகிரி கூம்பு 25 மீட்டர் வட்டத்தை. அகலம்தானே நல்லதுன்னு தோணும். பார்ல மீன் பிடிக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. 12 மீட்டர் தள்ளி இருக்கிற பாரும் நேர் கீழ இருக்கிற மாதிரி காட்டும், தூண்டில் போய் மணல்ல விழும். சித்தப்பா போற 15, 20 பாகத்துக்கு 200-தான் பெரும்பாலும். வெளிய ஆழத்துக்குப் போற நாளுக்கு 50.

சிர்ப்னு ஒண்ணு சொல்வாங்க. ஒரே அலைவரிசைக்குப் பதிலா கீழிருந்து மேல வரைக்கும் இழுத்து ஒலிக்கிறது. தரையை ஒட்டி நிக்கிற மீனைத் தரையில இருந்து பிரிச்சுக் காட்ட இது உண்மையிலேயே உதவும். களவா பிடிக்கிறவங்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தகும். சாளை, நெத்திலி மட்டும்னா தேவையில்லைங்கிறது என் எண்ணம்.

வாட்ஸ் கதை தனி. 4,000 வாட்ஸ்னு போட்டிருந்தா பக்கத்துல பீக்-டு-பீக்னு இருக்கான்னு பாருங்க. அதை எட்டால வகுத்தா வர்ற 500 தான் ஆர்எம்எஸ், அதுதான் ஒப்பிட வேண்டிய எண். நம்ம கரைக்கடலுக்கு 500, 600 தாராளம். மீன் படம் போட்டுக் காட்டுற வசதியை வாங்கின அன்னைக்கே அணைச்சிடுங்க. பிளாஸ்டிக் பை மிதந்தாலும் அது மீனுன்னுதான் சொல்லும். டச் ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம், மீன் செதிலும் உப்புத்தண்ணியும் ஒட்டின விரலை அது மதிக்காது. பட்டன்தான் சரி. மதிய வெயில்ல திரை தெரியுதான்னு கடைக்கு வெளிய கொண்டுவந்து போட்டுக் காட்டச் சொல்லுங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல.

ஆனா பெட்டியை விட டிரான்ஸ்டூசரை எங்க மாட்டுறோம்ங்கிறதுலதான் பாதி பணம் வீணாகுது. எங்க ஊர்ல நான் பார்த்த "சரியில்லாத" பெட்டிகள்ல பலது நல்ல பெட்டிகள், தப்பான இடத்துல மாட்டினது. காத்துக் குமிழி பட்டா ஒலி போகாது. விசிறி கிளப்புற நுரைக்கும், வள்ளத்தோட அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற எதுக்கும் பின்னாடியும் வைக்கக் கூடாது. பின்பலகையில மாட்டினா விசிறி இலை கீழ்நோக்கி இறங்குற பக்கம் நல்லது. ஓட்டை போட மனசில்லைன்னா, நடுவுல நுரைப்பொருளோ பலகையோ இல்லாத திட ஃபைபர்னா உள்பக்கமே ஒட்டி ஃபைபர் வழியா பார்க்க வைக்கலாம். கொஞ்சம் பலம் குறையும், தண்ணி சூடு காட்டாது, ஆனா கரையில இழுக்கும்போது உடையாது. மர வள்ளத்துல இது நடக்காது. மரத்துல ஓட்டை போட்டு மாட்டுறதா இருந்தா பிளாஸ்டிக் வேண்டாம், மரம் ஊறி உப்பி நெரிச்சிடும், வெண்கலம் போடுங்க.

கரண்டுக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ற பேட்டரியில இருந்து எடுக்காதீங்க. ஸ்டார்ட் பண்றப்ப வோல்டேஜ் விழுந்து பெட்டி அணைஞ்சு எழும். சின்ன பெட்டிகள் பெரும்பாலும் ஒரு ஆம்பியருக்கும் கீழதான் எடுக்கும், தனியா ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் ஒரு ஃப்யூஸும் போதும். கனெக்டர்ல சிலிக்கான் கிரீஸ். கரைக்கு வந்ததும் பெட்டியைக் கழட்டி நல்ல தண்ணித் துணியால துடைக்கணும். இந்த ஒரு பத்தியை 2019-ல யாராவது எனக்குச் சொல்லியிருந்தா அந்த ராத்திரி நடந்திருக்காது.

இவ்வளவும் வாங்கினா மீன் கிடைக்குமா? தெரியாத கடல்ல தேடி அலையிற டீசல் மிச்சமாகும், அது உறுதி. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ், செயற்கைக்கோள்ல கடல் சூட்டையும் பாசியோட நிறத்தையும் பார்த்து மீன் கூடுற இடத்தை தமிழ்லயே சொல்லுது. அது பரப்பைக் காட்டும், அந்தப் பரப்புக்குள்ள எத்தனை பாகத்துல நிக்குதுன்னு இந்தப் பெட்டி காட்டும். ஆனா சித்தப்பா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. "எல்லாவன் கையிலயும் இது இருந்தா மீனு எங்க போய்ல ஒளியும்?" பெட்டி வந்தப்புறம் இவங்க கண்டுபிடிச்ச பாருக்கு அடுத்த வாரமே நாலு வள்ளம் வந்து நின்னுச்சாம்.

கடைசியா தம்பிகிட்ட பேசி முடிச்சது இது. 50/200 உள்ள, பட்டன் வச்ச, ஐந்து இஞ்ச் தனி பெட்டி. வாங்குறது புனேல இல்ல, தூத்துக்குடியில, பில்லோட. ரிப்பேர்னா பஸ் ஏறிப் போய்க் கேக்கிற தூரத்துல கடை இருக்கணும். மிச்சமாகிற காசுல மூணு லைஃப் ஜாக்கெட். லைஃப் ஜாக்கெட்டுக்கு அவன் முனகினான். 2017-ல ஒக்கி வந்தப்ப பக்கத்து மாவட்டத்துல எத்தனை வீடுன்னு கேட்டேன், அப்புறம் பேசல.

அந்த அறுபது புள்ளியை மறுபடி சேர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. சித்தப்பா முன்னாடி உட்கார்ந்து கோபுரத்தையும் பனையையும் பார்த்து "இங்க"ன்னு சொல்வார், தம்பி கை ஜிபிஎஸ்ல அமுக்குவான். சாயங்காலம் எனக்கு வாட்ஸாப்ல எண் வரும், நான் நோட்டுல எழுதி வைக்கிறேன், கம்ப்யூட்டர்லயும் தனியா. நேத்து வரைக்கும் பத்தொன்பது.